இறாலின் நரம்பு எங்கே இருக்கிறது? நரம்புப் பெப்டைடுகளைப் படிக்க வருகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் இறால் கழுவும்போது அம்மா, "நரம்பை எடுத்துட்டியா?" என்றுதான் கேட்பார். முதுகைக் கீறி, ஊசி முனையால் அந்தக் கறுப்பு இழையை உருவிப் போடுவோம். அது நரம்பு இல்லை, குடல். இறாலின் நரம்பு வயிற்றுப் பக்கம், கால்களுக்கு நடுவே, வெள்ளை நூலாக ஓடுகிறது. அதை யாரும் எடுப்பதில்லை.

பினாங்கில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் இறுதியாண்டு ஆய்வுக்கோ முதுகலைக்கோ இறால், நண்டு ஹார்மோன்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. கையில் ஒரு கட்டு ஆய்வுக் கட்டுரைகள் இருக்கும், அதில் பாதிக்கு மேல் சுருக்கெழுத்துப் பெயர்கள். ஆனால் இறாலின் கண்காம்பை இதுவரை வெட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் கை, பிறகு நோட்டுப் புத்தகம், அப்புறம்தான் கணினி.

முதல் படி: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் மணி மணியாகக் கோத்த சின்னச் சங்கிலி. நரம்பு அணு (நரம்பு செல்) ஒன்று அதைச் செய்து, சிறு பைகளில் அடைத்து, வேண்டிய நேரத்தில் வெளியே விட்டால் அது நரம்புப் பெப்டைடு. பக்கத்து அணுவுக்கு மட்டும் செய்தி சொல்லலாம், இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகலாம். இரத்தத்தில் கலந்து தூரத்தில் வேலை செய்யும்போது அதையே ஹார்மோன் என்கிறோம்.

அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. புரோக்டோலின் வெறும் 5 அமினோ அமிலம். அதைக் கரப்பான்பூச்சியிலிருந்து பிரித்து 1975-இல் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள், பிறகு நண்டிலும் இறாலிலும் அதுவே கிடைத்தது. ஆர்.பி.சி.எச். என்ற சிவப்பு நிறமி குவிக்கும் ஹார்மோன் 8. வட அட்லாண்டிக்கின் குளிர்நீர் இறாலின் கண்காம்புகளிலிருந்து ஸ்வீடனின் ஃபெர்ன்லுண்ட், யோசெஃப்சன் இருவரும் 1972-இல் இதன் அமைப்பை வெளியிட்டார்கள். முதுகெலும்பில்லா விலங்குகளில் அமைப்பு முழுதும் தெரியவந்த முதல் நரம்புப் பெப்டைடு இதுதான். இது வெளியானால் தோலில் பரவியிருக்கும் சிவப்பு நிறமி ஓரிடத்தில் குவிந்து, இறால் வெளுத்துப்போகும். நண்டின் இதயத்தைத் தட்டியெழுப்பும் சி.சி.ஏ.பி. 9. இரத்தச் சர்க்கரையை ஏற்றும் சி.எச்.எச். மட்டும் ஏறத்தாழ 72 அமினோ அமிலங்கள் நீளும்.

தொடக்கத்தில் இந்த நான்கையும் நினைவில் வைத்தால் போதும். நூறு பெயரை மனப்பாடம் செய்துவிட்டு வந்த மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும். எது எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்று கேட்டபோது நின்றுவிட்டாள். தப்பு அவளுடையது இல்லை, யாரும் அவளுக்கு உறுப்பைக் காட்டவில்லை.

இரண்டாம் படி: விலங்கைத் தேர்ந்தெடுங்கள்

பினாங்குச் சந்தையில் இரண்டு பெரிய பிரிவுகள் கிடைக்கும். ஒன்று கடல் இறால் வகை: வனாமி, ஊடாங் ஹரிமாவ் என்ற புலி இறால், ஊடாங் பூத்தே என்ற வெள்ளை இறால். மற்றொன்று ஆற்று இறால், ஊடாங் காலா. நாசி கண்டார் கடையில் தட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீலக் கால் இறால், அதுதான்.

இரண்டையும் பிரித்தறிய அடிவயிற்று ஓட்டுத் துண்டுகளைப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டாம் துண்டு, முன்னால் உள்ள முதல் துண்டின் மேலும் பின்னால் உள்ள மூன்றாம் துண்டின் மேலும் ஏறி நின்றால் ஆற்று இறால் பிரிவு. ஓட்டுக்கூரை போல ஒவ்வொன்றும் அடுத்ததை மட்டும் மூடினால் கடல் இறால் பிரிவு. கால்களையும் எண்ணலாம்: கடல் இறாலுக்கு முதல் மூன்று இணைக் கால்களில் கவ்விகள், ஆற்று இறாலுக்கு முதல் இரண்டில் மட்டும்.

என் பரிந்துரை ஊடாங் காலாதான். உடம்பு பெரிது, கண்காம்பு பெரிது, பெண் முட்டையை வயிற்றின் கீழ் ஒட்டிச் சுமப்பதால் இனப்பெருக்க நிலை வெளியிலேயே தெரியும். கடல் இறால் அப்படி இல்லை, முட்டையை நீரிலேயே விட்டுவிடும்.

இன்னொரு காரணம் ஊர்ப் பாசம். இந்த இறாலை உலகம் வளர்க்கக் கற்றுக்கொண்டது நம் பினாங்குக் கெளுகோரில்தான். அங்கிருந்த மீன்வள ஆய்வு நிலையத்தில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் நிபுணராக இருந்த ஷாவ்-வென் லிங், 1961-இல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஆற்று இறாலின் குஞ்சுகள் நன்னீரில் பிழைக்காது, உப்புக் கலந்த நீர் வேண்டும் என்பதுதான் அது. 1965-இல் மலேசியாவிலிருந்து கொண்டுபோன சில தாய் இறால்களை வைத்து ஹவாயில் புஜிமுரா பெருமளவு வளர்ப்பைத் தொடங்கினார். ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதும் எனக்கு ஒரு குறைதான்.

மூன்றாம் படி: வாங்கும்போது

காலையிலேயே போங்கள். பாயான் பாருவோ சௌராஸ்தாவோ, உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது போதும். நிபோங் திபால் பக்கம் இருந்தால் கிரியான் ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களிடமே கேட்கலாம். விற்கும் மக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) "ஊடாங் காலா பெத்தினா, யாங் பெர்தெலூர்" என்று கேட்டால் முட்டையோடு இருக்கும் பெண்ணைத் தனியே எடுத்துத் தருவார். முட்டை இல்லாத பெண் இரண்டும் ஆண் இரண்டும் சேர்த்து வாங்குங்கள்.

பண்ணை வனாமியை வாங்கிக்கொண்டு வந்து சூலகத்தைத் தேடாதீர்கள். அவை முதிர்வதற்கு முன்பே பிடிக்கப்படுகின்றன. சூலகம் கண்ணாடி இழை போல மெலிந்து கிடக்கும், தேடித் தேடி மனம் நொந்துபோவீர்கள். கண்காம்பு பழகவும் நரம்பு பழகவும் வனாமி போதும், விலையும் குறைவு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சந்தை இறால் உடற்கூறு கற்றுத் தரும், ஹார்மோன் அளவைக் கற்றுத் தராது. நீரை விட்டு வெளியே கிடந்த, மூச்சுத் திணறிய விலங்கில் சி.எச்.எச். ஏற்கெனவே கொட்டியிருக்கும், சர்க்கரை ஏறியிருக்கும். அதை அளந்து ஓர் எண்ணை எழுதினால் அந்த எண் இறால் பட்ட பாட்டைத்தான் சொல்லும்.

உயிரோடு கிடைத்தால் முதலில் பனிக்கட்டி கலந்த நீரில் இருபது, முப்பது நிமிடம் வையுங்கள். தொட்டாலும் அசையாத நிலை வந்த பிறகே கத்தரியை எடுங்கள். பிரிட்டன் 2022-இல் இயற்றிய விலங்கு உணர்வுச் சட்டத்தில் நண்டையும் இறாலையும் உணர்வுள்ளவை என்று சேர்த்திருக்கிறார்கள். சட்டம் எங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த அரை மணி நேரத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நான்காம் படி: திறந்து பாருங்கள்

தேவையானவை: கூர்முனைக் கத்தரி, இரண்டு மெல்லிய இடுக்கி, மெழுகு ஊற்றிய தட்டு, குண்டூசி, குளிர்ந்த உப்புநீர், பக்கவாட்டில் வைக்க ஒரு விளக்கு. இருவிழி நுண்ணோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் முதல் முறைக்கு நல்ல பூதக்கண்ணாடி.

கண்காம்பிலிருந்து தொடங்குங்கள். அடியோடு வெட்டி, குளிர்ந்த உப்புநீருக்குள் ஊசி குத்தி நிறுத்துங்கள். மேல் ஓட்டை நீளவாக்கில் இரு ஓரத்திலும் வெட்டி மூடியைப் போலத் தூக்குங்கள். உள்ளே தசையும் கறுப்பு நிறமியும் இருக்கும், மெதுவாக விலக்குங்கள். நடுவில் வெள்ளையாக, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு நரம்புத் திரள்கள் தெரியும். கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது தொடங்கி, உடம்புக்குப் பக்கத்தில் இருப்பது வரை. கடைசியாக உள்ளதற்கு மெடுல்லா டெர்மினாலிஸ் என்று பெயர். எக்ஸ் உறுப்பு எனப்படும் நரம்பு அணுக்கூட்டம் அதில்தான் இருக்கிறது.

இப்போது விளக்கைத் தாழ்த்தி, பக்கத்திலிருந்து ஒளி விழச் செய்யுங்கள். நடு இரண்டு திரள்களின் ஓரத்தில், நீலம் கலந்த வெண்மையில், மீன் செதிலின் மினுமினுப்போடு ஒரு புள்ளி தெரியும். அதுதான் சைனஸ் சுரப்பி. பெரிய நண்டின் காம்பில் இன்னும் தெளிவாகத் தெரியும், ஓடு மட்டும் கடினம். முதன்முதலில் அதைப் பார்த்தபோது கொழுப்புத் துளி என்று நினைத்து இடுக்கியால் எடுத்துத் துடைத்துவிட்டேன். நான்கு காம்புகளுக்குப் பிறகுதான் நான் தேடிக்கொண்டிருந்ததே அதுதான் என்று புரிந்தது. அன்றிலிருந்து, புதிதாக வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் காட்டாமல் நான் எழுந்திருப்பதில்லை.

சுரப்பி என்று பெயர் இருக்கிறதே தவிர, ஹார்மோன் அங்கே உருவாவதில்லை. எக்ஸ் உறுப்பில் உள்ள நரம்பு அணுக்கள் பெப்டைடைச் செய்து, தங்கள் நீண்ட இழைகள் வழியாக அனுப்புகின்றன. அந்த இழைகளின் பருத்த நுனிகள் ஒரு கொத்தாக இரத்த வெளியோரம் நிற்கின்றன. அந்தக் கொத்தைத்தான் சுரப்பி என்கிறோம். மரத்தில் வெட்டி எடுத்த ரப்பர் பாலைக் கொட்டகையில் ஒப்படைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்: பால் எடுக்கும் இடம் வேறு, நிறுத்து ஒப்படைக்கும் கொட்டகை வேறு.

அடுத்து மூளை. தலைக் கொம்பின் அடியில், இரு கண்காம்புகளும் சேருமிடத்துக்குச் சற்றுப் பின்னால், ஓட்டை மெதுவாகச் சுரண்டித் திறந்தால் வெள்ளைப் பட்டாணியில் பாதி அளவுக்கும் குறைவாக ஒரு திரள் கிடைக்கும். அதிலிருந்து இரண்டு இழைகள் உணவுக் குழாயைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, மார்பு நரம்புத் திரள்களோடு சேரும். அங்கிருந்து வயிற்றுப் பக்கமாக வால் வரை ஒரு வடம், துண்டுக்கு ஒரு முடிச்சு வீதம் அடிவயிற்றில் ஆறு முடிச்சுகள். முதுகுப் பக்கத்தில் குடல், வயிற்றுப் பக்கத்தில் நரம்பு வடம். இரண்டையும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சூலகம். ஆற்று இறாலின் தலை ஓட்டின் வழியாகவே, முதிர்ந்த பெண்ணில் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று தெரியும். நன்கு முதிர்ந்தால் கண்ணின் அடி முதல் அடிவயிற்றின் முதல் துண்டு வரை நிறைந்திருக்கும். முட்டையைச் சுமந்துகொண்டிருக்கும் பெண்ணின் உள்ளேயே அடுத்த சினை முதிர்ந்துகொண்டிருப்பதையும் பார்க்கலாம். நான் இரண்டையும் சேர்த்து வாங்கச் சொன்னது இதற்காகத்தான். முட்டையின் நிறத்தையும் குறியுங்கள்: ஆரஞ்சு என்றால் புதிது, சாம்பல் என்றால் பொரியப்போகிறது. புலி இறாலில் சூலகம் தலை முதல் வால் வரை குடலுக்கு மேலே ஓடும். விளக்கை அடியில் பிடித்தால் ஓட்டின் வழியாகவே நிழலாகத் தெரியும். முழு முதிர்ச்சியில் அடிவயிற்றின் முதல் துண்டில் வைர வடிவமாக விரிந்து, கரும்பச்சையாக இருக்கும்.

ஆணிலும் ஒரு இடத்தைப் பாருங்கள். கடைசி இணை நடைக்கால்களின் அடியில் விந்துக் குழாய் முடியுமிடத்தில் ஆண்மைச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். பிரான்சின் ஷார்னியோ-கோட்டோன் 1954-இல் இதை கடற்கரை மணலில் தத்தும், இறாலுக்கு உறவான ஒரு சிறு ஓட்டுயிரில் கண்டுபிடித்தார். அது வெளியிடும் ஹார்மோன் இன்சுலினைப் போன்ற பெப்டைடு. ஆனால் நரம்பிலிருந்து வருவதில்லை, அதனால் நரம்புப் பெப்டைடு என்று எழுதக் கூடாது. கண்காம்பு ஹார்மோன்கள் இந்தச் சுரப்பியையும் அடக்கி வைத்திருக்கின்றன என்பதுதான் நமக்கு வேண்டிய தொடர்பு.

ஐந்தாம் படி: நோட்டில் மூன்று கட்டம்

இப்போது நோட்டைத் திறந்து மூன்று கட்டம் போடுங்கள். எங்கே உருவாகிறது? எங்கே வெளியாகிறது? எங்கே போய் வேலை செய்கிறது? இனிமேல் எந்தக் கட்டுரை படித்தாலும், ஒவ்வொரு பெப்டைடுக்கும் இந்த மூன்றையும் தனித்தனியாக நிரப்புங்கள். ஒன்று தெரியாவிட்டால் காலியாகவே விடுங்கள். காலியான கட்டம்தான் உங்கள் ஆய்வுக் கேள்வி.

சி.எச்.எச். எடுத்துக்கொள்வோம். உருவாவது எக்ஸ் உறுப்பு, வெளியாவது சைனஸ் சுரப்பி, வேலை செய்வது செரிமானச் சுரப்பி போன்ற இடங்களில், அங்கே சேமிப்பு உடைந்து இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. 1944-இல் கண்காம்புச் சாற்றை நீல நண்டுக்குள் செலுத்தியபோது சர்க்கரை ஏறியதை அமெரிக்காவில் அப்ரமோவிட்ஸ் குழுவினர் காட்டினார்கள், பெயரும் அதிலிருந்துதான் வந்தது. இத்தோடு கட்டம் நிரம்பிவிட்டது என்று நினைப்போம். ஆனால் 1999-இல் ஐரோப்பியக் கரை நண்டில், ஓடு கழற்றும் நேரத்தில் குடலின் அணுக்களே சி.எச்.எச்.-ஐ வெள்ளமாக விடுவதைக் கண்டுபிடித்தார்கள். நண்டு அப்போது நீரை உறிஞ்சி உப்பிப் பழைய ஓட்டைப் பிளக்கிறது. அதே பெப்டைடு, வேறு பிறப்பிடம், வேறு வேலை. ஆக முதல் கட்டத்தில் இரண்டு வரி வேண்டும், மூன்றாவதிலும் இரண்டு வரி வேண்டும்.

நரம்பு மண்டலத்துக்குள் இது இன்னும் நுட்பமானது. நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் இரைப்பையை அசைக்க ஏறத்தாழ முப்பது நரம்பு அணுக்களே கொண்ட ஒரு முடிச்சு இருக்கிறது. அமெரிக்காவின் ஈவ் மார்டர் பல பத்தாண்டுகளாக அதையே ஆராய்கிறார். அந்த முடிச்சில் புரோக்டோலினை ஊற்றினால் ஒரு தாளம், ஆர்.பி.சி.எச். ஊற்றினால் வேறு தாளம். எது எதோடு இணைந்திருக்கிறது என்பதில் மாற்றம் இல்லை, அணுக்களின் நடத்தையும் இணைப்புகளின் வலிமையும்தான் மாறுகின்றன. தோலின் நிறத்துக்காகப் பெயர் வைத்த பெப்டைடு இரைப்பையின் தாளத்தை மாற்றுகிறது என்பதைக் கவனியுங்கள். இந்த முடிச்சைப் பற்றிப் படிக்காமல் சூலகத்துக்குப் போகாதீர்கள். ஒரு பெப்டைடுக்கு ஒரு வேலை என்ற எண்ணம் இங்கேதான் உடையும்.

ஆறாம் படி: இனப்பெருக்கத்துக்கு வாருங்கள்

பிரான்சின் பனூஸ் 1943-இல் ஒரு சிறிய கடல் இறாலின் கண்காம்புகளை நீக்கிப் பார்த்தார். பருவம் வருவதற்கு முன்பே சூலகம் வளரத் தொடங்கியது. அப்படியென்றால் காம்பில் ஏதோ ஒன்று சூலகத்தைத் தடுத்து வைத்திருக்கிறது. பின்னாளில் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் இதையே வழக்கமாக்கிக்கொண்டன: தாய் இறாலின் ஒரு பக்கக் கண்காம்பை நசுக்கியோ கட்டியோ வெட்டியோ நீக்குவார்கள், சில நாள்களில் சினை முதிரும்.

அந்தத் தடுப்பான், ஜி.ஐ.எச். அல்லது வி.ஐ.எச். எனப்படும் பெப்டைடு. முட்டையின் கருவுணவுப் புரதமான விட்டெல்லோஜெனின் உருவாவதை அடக்குகிறது. இதன் நெருங்கிய உறவு எம்.ஐ.எச்., அது ஒய் உறுப்பைத் தடுத்து, ஓடு கழற்றும் ஹார்மோன் சுரக்காமல் வைக்கிறது. இன்னொரு உறவு தாடை உறுப்பைத் தடுக்கிறது. அந்த உறுப்பு மெத்தில் ஃபார்னெசோயேட் என்ற பொருளைச் சுரந்து, நண்டுகளில் இனப்பெருக்கத்தோடு தொடர்புடையதாக இருக்கிறது. எல்லாம் சி.எச்.எச். குடும்பம், எல்லாவற்றிலும் ஆறு சிஸ்டீன்கள் ஒரே இடைவெளியில் நின்று மூன்று பிணைப்புகளாகப் பூட்டிக்கொள்கின்றன.

கண்காம்பை எடுத்தால் ஒரு தடையை மட்டும் எடுப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. சர்க்கரைக் கட்டுப்பாடு, ஓடு கழற்றும் நேரம், நிறம், நாளின் தாளம் எல்லாம் சேர்ந்து ஆட்டம் காண்கின்றன. தாய் இறால் தொடர்ந்து முட்டையிட்டுத் தளர்ந்துபோகிறது, முட்டையின் தரமும் குறைகிறது. ஒரு கண் போன விலங்கு தொட்டியின் மூலையில் சுற்றிச் சுற்றி நீந்துவதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்வதற்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள். 1943 முதல் எண்ணற்ற தடவை செய்து முடிந்துவிட்டது.

வேறு வழி இருக்கிறது. தாய்லாந்து ஆய்வாளர்கள் புலி இறாலின் ஜி.ஐ.எச். மரபணுவைக் கண்டறிந்து, அதை மட்டும் மௌனமாக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.-வைப் பயன்படுத்தி விட்டெல்லோஜெனின் மரபணு கூடுதலாக இயங்குவதை 2008-இல் காட்டினார்கள். 2011-இல் அதே முறையில் தாய் இறாலின் சினையை முதிர்வித்து முட்டையிடவும் வைத்தார்கள். கண் இருக்கிறது, காம்பு இருக்கிறது, ஒரே ஒரு செய்தி மட்டும் நிறுத்தப்படுகிறது. இந்தப் பெப்டைடுகளைப் படிப்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

தூண்டும் பக்கமும் உண்டு. மூளை, மார்பு நரம்புத் திரள் ஆகியவற்றின் சாறு பல இனங்களில் சூலகத்தை வளர்க்கிறது. செரட்டோனின் ஊசியும் இறாலில் சினையை முதிர்விக்கிறது, ஆனால் அது பெப்டைடு இல்லை, பட்டியலில் கலக்காதீர்கள்.

ஓடு கழற்றுவதையும் இனப்பெருக்கத்தையும் எப்போதும் சேர்த்தே பாருங்கள். ஆற்று இறாலில் பெண் ஓடு கழற்றி மெத்தென்று இருக்கும் சில மணி நேரத்தில்தான் இணை சேர முடியும். அதனால் ஒவ்வொரு மாதிரியின் பக்கத்திலும் ஓட்டின் நிலையை, அதாவது இப்போதுதான் கழற்றியதா, கழற்றப்போகிறதா என்பதை எழுதுங்கள். இந்த ஒரு வரியை எழுத மறந்ததால் ஒரு முழுப் பருவத்துத் தரவு வீணானதைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: பெயரை நம்பாதீர்கள்

குடலை நரம்பு என்று அம்மா சொன்னது போலத்தான் ஹார்மோன் பெயர்களும். முதலில் பார்த்தவர் எந்த வேலையில் பார்த்தாரோ அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. குருமா என்ற ஜப்பானிய இறாலில் சர்க்கரை ஏற்றும் வகைப் பெப்டைடுகள் விட்டெல்லோஜெனினையும் தடுக்கின்றன. மெட்டாபெனேயஸ் என்சிஸ் என்ற, நம் கரையிலும் கிடைக்கும் இறாலில், ஓடு கழற்றுவதைத் தடுக்கும் வகையில் சேர்க்கப்பட்ட ஒரு பெப்டைடு சினையைத் தூண்டுகிறது என்று ஹாங்காங் ஆய்வுகள் காட்டின. தடுப்பான் என்ற பெயரை மட்டும் வைத்து எழுதியிருந்தால் நேர் எதிராக எழுதியிருப்போம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சூலகத் துண்டுகளில், குறிப்பிட்ட பெப்டைடைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) ஒளிரும் சாயத்தோடு பூசினேன், நரம்பிழைகள் பச்சையாக ஒளிர்ந்தன. அந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இன்ன பெப்டைடு சூலகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த பேராசிரியர் இரண்டு கேள்வி கேட்டார். அந்த எதிர்ப்பொருள் ஆர்ஜினின், ஃபீனைல்அலனின், அமைடு என்று முடியும் எந்தப் பெப்டைடையும் பிடிக்குமே, நீ பார்த்தது எது? அது அங்கே இருக்கிறது சரி, என்ன செய்கிறது என்று எப்படித் தெரியும்? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. இருப்பது வேறு, செய்வது வேறு. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் இன்றும் வைத்திருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக.

எட்டாம் படி: இப்போது கணினி

மரபணு, புரத வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்.சி.பி.ஐ. தளம் இலவசம். வனாமியின் மரபணுத் தொகுதி 2019-இல் வெளியானது, அதையும் பார்க்கலாம். முதல் பயிற்சியாக ஆர்.பி.சி.எச். எடுங்கள், சிறியது, தெளிவானது.

நரம்பு அணு 8 அமினோ அமிலச் சங்கிலியை நேரடியாகச் செய்வதில்லை. நீளமான முன்னோடிப் புரதம் ஒன்றைச் செய்து, பிறகு வெட்டி எடுக்கிறது. அந்த நீளத்தின் தொடக்கத்தில் வழிகாட்டித் துண்டு, அணுவின் வெளியேறும் பாதைக்குள் புரதத்தை நுழைக்கும் துண்டு. அதைக் கண்டுபிடிக்க சிக்னல்-பி என்ற நிரல் உதவும். அதற்கடுத்து குளூட்டமின், லியூசின், அஸ்பராஜின், ஃபீனைல்அலனின், செரீன், புரோலின், கிளைசின், டிரிப்டோஃபான்: இதுதான் நம் பெப்டைடு. உடனே பின்னால் ஒரு கிளைசின், லைசின், ஆர்ஜினின். லைசினும் ஆர்ஜினினும் சேர்ந்து நிற்பது வெட்டு என்பதற்கான குறி. வெட்டிய பின் நுனியில் மிஞ்சும் கிளைசின் அமைடாக மாறும். தொடக்கத்து குளூட்டமின் வளைந்து மூடிக்கொள்ளும். இரு முனையும் இப்படி மூடியிருப்பதால் இரத்தத்தில் சீக்கிரம் சிதையாது.

இந்த ஒன்றைக் கையால் பென்சிலில் வெட்டிப் பார்த்துவிட்டால் மற்ற முன்னோடிகள் பயமுறுத்தாது. அடுத்து சி.எச்.எச். குடும்பம்: ஆறு சிஸ்டீன்களையும் வண்ணமிட்டு, நெடுவரிசையாக ஒன்றின் கீழ் ஒன்று அடுக்குங்கள். எம்.ஐ.எச்., ஜி.ஐ.எச். வகையில் முதிர்ந்த பெப்டைடின் 12-ஆம் இடத்தில் ஒரு கிளைசின் கூடுதலாக நிற்கும், சி.எச்.எச். வகையில் இருக்காது. ஒத்த வரிசைகளைத் தேடித் தரும் பிளாஸ்ட் தேடல் காட்டும் பெயரை அப்படியே எடுத்து எழுதுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

ஒன்பதாம் படி: ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது

கெளுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் கடல்சார் ஆய்வு மையம் முக்கா ஹெட் பக்கம். பாத்து மாவுங்கில் மீன்வள ஆய்வு நிறுவனம். ஒரே தீவுக்குள் இவ்வளவு வாய்ப்பு இருக்கும்போது கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் எடுத்த படங்களையும், மூன்று கட்ட நோட்டையும் கொண்டு போங்கள். உயிருள்ள விலங்குக்கு ஊசி போடும் எண்ணம் இருந்தால், விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பற்றி முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

மாதிரியைச் சேமிப்பதில் மூன்று வழி, மூன்று நோக்கம். மரபணுவுக்கு என்றால் ஆர்.என்.ஏ.லேட்டர் திரவத்தில் போட்டு, பிறகு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். பெப்டைடையே எடை பார்க்க என்றால் குளிர்ந்த அமில மெத்தனாலில், அதாவது மெத்தனால் 90, அசிட்டிக் அமிலம் 9, நீர் 1 என்ற கலவையில் உடனே அரைக்க வேண்டும். அமிலம் இல்லாமல் வைத்தால் திசுவின் சொந்த நொதிகளே பெப்டைடைத் தின்றுவிடும். எதிர்ப்பொருள் பூசிப் பார்க்க என்றால் 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு. வீட்டு ஃப்ரீசரில் நீரோடு உறைய வைத்த காம்பு மூன்றுக்குமே உதவாது. கையுறை, காற்றுப்போக்கி இல்லாமல் மெத்தனாலையும் ஃபார்மால்டிஹைடையும் தொடாதீர்கள்.

ஒவ்வொரு குழாயின் மேலும் பென்சிலால் எழுதுங்கள், மெத்தனால் பட்டால் மார்க்கர் மை அழிந்துவிடும். தேதி, இனம், ஆணா பெண்ணா, நீளம், எடை, ஓட்டின் நிலை, சூலக நிலை, முட்டையின் நிறம், பிடித்த இடம், பனியில் வைத்த நிமிடம்.

முதல் ஆய்வுக்கு எவ்வளவு பெரிய கேள்வி எடுக்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பெப்டைடு, ஒரு இனம், இரண்டு சூலக நிலை. எடுத்துக்காட்டாக, ஊடாங் காலாவில் சினை முதிராத பெண்ணுக்கும் முதிர்ந்த பெண்ணுக்கும் இடையே மூளையில் ஆர்.பி.சி.எச். மரபணுவின் அளவு மாறுகிறதா? ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது ஆறு விலங்காவது வேண்டும், எல்லாம் ஒரே ஓட்டு நிலையில், ஒரே நேரத்தில், காலை என்றால் எல்லா நாளும் காலையில் எடுத்தவையாக இருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மூளைகளை எடுப்பதற்கு முன், பழகுவதற்காக இருபது மூளைகளையாவது எடுத்திருங்கள். தசை கழுவிச் சமையலுக்குப் போகட்டும், ஆனால் இரசாயனம் பட்ட எதுவும் சமையலறைக்குப் போகக் கூடாது.